தீர்ப்பு நாளா, சாவு நாளா? நான்கு தரிசன நூல்கள்

ஆதிக் கிறிஸ்தவர்கள் பரலோகத்தையும் நியாயத்தீர்ப்பையும் பற்றி எழுதியவை எல்லாம் ஒரே படத்தின் துண்டுகள் என்று நினைத்து ஒட்டப் பார்த்தால் ஒட்டாது. வெளிப்படுத்தின விசேஷம், ஏசாயாவின் விண்ணேற்றம், பேதுருவின் வெளிப்பாடு, பவுலின் தரிசனம் ஆகிய நான்கையும் (முதலாவது புதிய ஏற்பாட்டின் கடைசி நூல், மற்ற மூன்றும் பைபிளில் சேராதவை) உரசிப் பார்க்க ஓர் உரைகல் போதும்: தீர்ப்பு எப்போது?

வெளிப்படுத்தின விசேஷத்தின் பதில் நேரடியானது. எல்லாம் முடிந்த பிறகுதான். 20ஆம் அதிகாரத்தில் முதலாம் உயிர்த்தெழுதல், ஆயிரம் வருட அரசாட்சி, அதன்பின் தீர்ப்புக்கான வெள்ளைச் சிங்காசனம். திறக்கப்படும் புத்தகங்கள் ஒருபுறம், ஜீவபுஸ்தகம் மறுபுறம். இதில் பெயரில்லாதவர்களுக்கு அக்கினிக் கடல். அதுவே இரண்டாம் மரணம். பரலோகத்துக்கு அடுக்குகளே கிடையாது. மனிதர் மேலே ஏறிப்போவதைவிட நகரம் கீழே இறங்கிவருவதுதான் இங்கே முக்கியம். அதன் ஒவ்வொரு பக்கமும் 12,000 ஸ்தாதி (பழைய கிரேக்க நீள அளவு), ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். உயரமும் அவ்வளவே!

ஏசாயாவின் விண்ணேற்றத்துக்கு நரகத்தில் அக்கறை குறைவு. முழு வடிவில் எத்தியோப்பியரின் கீயஸ் மொழியில் மட்டுமே தப்பிய நூல் இது. அதன் தரிசனப் பகுதியில் ஏழு வானங்கள். முதல் ஐந்திலும் நடுவே ஒரு சிங்காசனம், வலப்புறத் தூதர்களுக்கு இடப்புறத்தாரைவிட மகிமை அதிகம். ஆறாவதில் சிங்காசனமும் இல்லை, இடம் வலம் என்ற பேதமும் இல்லை. நூலின் உச்சம் கிறிஸ்து இறங்கிவரும் காட்சி. ஐந்தாம் வானம் முதல் அந்தந்த வானத்துத் தூதரின் உருவை எடுத்துக்கொள்வதால் யாரும் அடையாளம் காண்பதில்லை. மூன்றாம் வானம் முதல் வாயில்காவலர்களிடம் அடையாளச் சொல் கொடுக்க வேண்டும். ஆகாயத்துப் பேய்களிடம் மட்டும் தேவையில்லை, அவை ஒன்றையொன்று கொள்ளையடிப்பதில் மும்முரமாக இருக்கின்றன. இந்தத் தரிசனத்தில் மனிதருக்கான தீர்ப்புக் காட்சியைத் தேடுபவர் ஏமாறுவார். நீதிமான்களுக்குப் பரலோக அங்கி முன்பே கிடைத்துவிடுகிறது, கிரீடமும் சிங்காசனமும் கிறிஸ்து வந்துபோன பிறகே என்ற கால வரிசைதான் இதற்கு முக்கியம்.

பேதுருவின் வெளிப்பாடு 2ஆம் நூற்றாண்டின் நூல். தீர்ப்பு கடைசி நாளில்தான், ஆனால் கண் முழுக்கத் தண்டனை மேல். குற்றம் செய்த உறுப்புக்கே தண்டனை என்பது விதிகளில் ஒன்று: தூஷணம் பேசியவர் நாவால் தொங்குகிறார். வட்டிக்கு வட்டி வாங்கியவர் சீழும் இரத்தமும் கொதிக்கும் ஏரியில் முழங்காலளவு நிற்கிறார். இந்நூலைப் படிப்பவர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எகிப்தின் அக்மீமில் ஒரு துறவியின் கல்லறையில் கிடைத்த கிரேக்கப் பிரதியில் பரதீசு முதலில், தண்டனை பின்னால். எத்தியோப்பியப் பிரதியில் வரிசை தலைகீழ். எதைப் படிக்கிறோம் என்று பார்க்காமல் மேற்கோள் காட்டினால் வாதமே புரண்டுவிடும். இன்னொரு பெரிய வேறுபாடு வியன்னாவில் உள்ள சிறு கிரேக்கத் துண்டில் இருக்கிறது: கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தண்டனையில் இருப்பவர்களுக்காகக் கேட்டால் கிறிஸ்து அவர்களை விடுவித்து மறுவுலகின் அகெருசிய ஏரியில் ஞானஸ்நானம் கொடுப்பார். எத்தியோப்பியப் பிரதியில் அந்த இரக்கம் மங்கிவிட்டது. கிரேக்கத் துண்டே பழைய வடிவம் என்று எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. நரகத்தைக் காலி செய்யும் வரியை மழுப்பக் காரணம் உண்டு, புதிதாகச் சேர்க்கக் காரணம் குறைவு.

பவுலின் தரிசனத்தில் கடிகாரமே மாறிவிடுகிறது. 2 கொரிந்தியர் 12இல் பவுல் மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட ஒருவனைப் பற்றிச் சொல்லி, அவன் கேட்டவை மனிதன் பேசத் தகாதவை என்று வாயை மூடிக்கொள்கிறார். இந்த நூல் அதையெல்லாம் பக்கம் பக்கமாகப் பேசிவிடுகிறது. பவுலின் சொந்த ஊரான தர்சுவில் அவர் வீட்டுக்கு அடியில், பளிங்குப் பெட்டிக்குள், அவருடைய செருப்புகளோடு கிடைத்ததாம். வரலாற்றாசிரியர் சொசோமன் தர்சு சபையின் மூத்த குருவை விசாரித்தபோது அவர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

இங்கே தீர்ப்பு செத்தவுடன். மாலையும் காலையும் தூதர்கள் ஒவ்வொருவரின் கணக்கையும் மேலே கொண்டுபோகிறார்கள். பிரியும் உயிரிடம், "உன் உடலைப் பார்த்து வைத்துக்கொள், உயிர்த்தெழும் நாளில் இதற்கே திரும்ப வேண்டும்" என்கிறார்கள். ஏழு நாள் கழித்தும் பாவமே செய்யவில்லை என்று சாதிக்கும் ஆன்மாவின் முன் ஏட்டை விரிக்கிறார்கள், அதனால் கெடுக்கப்பட்டவர்களையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். நெருப்பாற்றில் மூப்பர், பேராயர், உதவிக்குரு, வழிபாட்டில் வேதம் வாசிக்கும் வாசகர் எனச் சபை ஊழியர்களே நிற்பது சபைக்குள் நடந்த சண்டையின் வாசனை. விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் இரங்காதது பேராயர் மீதான குற்றம்.

சாவு நாளிலேயே தண்டனை தொடங்கிவிட்டால் கடைசி நாள்வரை அது ஓயாமல் நீள வேண்டும். அந்த இடைவெளிதான் இந்நூலின் புகழ்பெற்ற சலுகைக்கு இடம் தருகிறது: பவுலும் தூதர்களும் அழுது மன்றாட, ஞாயிற்றுக்கிழமை இரவும் பகலும் நரகத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. சபையின் பேரறிஞரான அகுஸ்தீன் இந்த நூலைக் கட்டுக்கதை என்று எள்ளி நகையாடினார். ஆனாலும் இடைக்கால ஐரோப்பாவில் அது மொழி மொழியாகப் பெயர்க்கப்பட்டுப் பரவியது, பல சுருக்க வடிவங்களில் மிஞ்சியது தண்டனைகளும் அந்த ஞாயிறு ஓய்வுமே.