ஒருவரை நம்பிப் பணம் கட்டுவதா, சம்பளச் சுமையை இறக்குவதா?

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தின் ஏஎஃப்எல் லீகில், ஒரு கிளப் தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதைச் சமாளிக்க இரண்டு கிளப்புகள் எதிரெதிர் வழிகளில் போயின.

சிட்னி ஸ்வான்ஸ் 2013இல் ஹாத்தோர்ன் கிளப்பிலிருந்து லான்ஸ் ஃபிராங்க்ளின் என்ற வீரரை ஒன்பது ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. மதிப்பு சுமார் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர். அப்போது அவருக்கு வயது 26. ஒப்பந்தம் முடியும்போது 35 ஆகிவிடும் என்பதால் பலரும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஆனால் அவர் கடைசி வரை ஆடினார். 2022இல் சிட்னி மைதானத்திலேயே தன் 1000ஆவது கோலை அடித்தார். கோப்பைதான் வரவில்லை: 2014, 2016, 2022 இறுதிப் போட்டிகள் மூன்றிலும் தோல்வி.

காலிங்வுட் செய்தது நேர்மாறு. பின்னாளுக்குத் தள்ளிவைத்த சம்பளங்கள் கழுத்தை நெரிக்க, 2020 டிரேடு காலத்தில், அதாவது கிளப்புகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் நாட்களில், ஆடம் டிரெலோர், ஜெய்டன் ஸ்டீஃபன்சன், டாம் ஃபிலிப்ஸ் என வீரர்களை வரிசையாக விட்டுக்கொடுத்தது. டிரெலோருக்கு இன்னும் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் பாக்கி இருந்தது. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கிளப்புக்கு அவரை அனுப்பிவிட்டு, சம்பளத்தில் ஒரு பங்கையும் காலிங்வுட்டே கட்ட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அவர் புல்டாக்ஸுக்காக இறுதிப் போட்டியில் ஆடினார். காலிங்வுட் 17ஆவது இடத்துக்குச் சரிந்தது.

சரி, 2023இல் கோப்பை வென்றது காலிங்வுட்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனாலும் நான் சிட்னி பக்கம்தான். ஒப்பந்தம் போட்ட வீரரிடம் சொன்ன சொல்லை அது காப்பாற்றியது. டிரெலோர் காலிங்வுட்டிலேயே இருக்கத்தான் விரும்பினார்.