பச்சை டிக்கை நம்பினேன்: ஒரு ஏபிஜி ஆப், மூன்று நட்சத்திரம்

ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்தில் வாயுக்களையும் அமிலத்தையும் பார்க்கும் பரிசோதனையின் ரிப்போர்ட்டைப் படிக்க, ஐசியூ நைட் டியூட்டியில் ஏழெட்டு மாதமாக இந்த ஆப்பை வைத்துத்தான் ஓட்டுகிறேன். இலவசம், நெட் இல்லாவிட்டாலும் ஓடும். பிஎச் (எண் குறைந்தால் ரத்தத்தில் அமிலம் கூடுதல்), பிசிஓ2 (ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு), பைகார்ப் (அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட்) மூன்றையும் தட்டினால் கீழே விடை வந்து நிற்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ரிப்போர்ட்டில் பிஎச் 7.09, பிசிஓ2 34, பைகார்ப் 10. அமிலம் ஏறியிருப்பது யாருக்கும் தெரியும். ஆனால் நார்மல் 35 முதல் 45, இது 34தானே என்று பிசிஓ2-வை நான் தாண்டிப் போயிருப்பேன். ஆப் விடவில்லை. பைகார்பை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால் 23; அமிலம் ஏறும்போது வேகமாக மூச்சு விட்டு பிசிஓ2 இந்த அளவுக்கு இறங்கியிருக்கணும். இரண்டு முன்னே பின்னே இருக்கலாம், 34 என்றால் மூச்சு ஈடுகொடுக்கவில்லை என்று சிவப்பில் காட்டியது. ஓடிப்போய்ப் பார்த்தால் நோயாளி மூச்சு வாங்கி வாங்கி ஓய்ந்துபோயிருந்தார். இதற்கே இரண்டு நட்சத்திரம் கொடுக்கலாம்.

அடுத்த மாதமே காலை வாரியது. சர்க்கரை நோயாளி, இரண்டு நாளாக வாந்தி. 7.38, 38, 22. பச்சை டிக், 'நார்மல்'. நானும் அப்படியே சொன்னேன்.

"யூரின்ல கீட்டோன் மூணு பிளஸ் டாக்டர், நார்மல்ங்கிறீங்க?" என்றார் சிஸ்டர்.

சோடியம் 140, குளோரைடு 92. பேப்பரில் போட்டுப் பார்த்தேன்: 140லிருந்து 92ம் 22ம் போனால் 26. இந்த மிச்சத்துக்குப் பெயர்தான் ஆனியன் கேப், மறைந்திருக்கும் அமிலத்தைக் காட்டிக்கொடுக்கும்; 12ஐத் தாண்டினாலே யோசிக்கணும். கீட்டோன் அமிலம் பைகார்பைக் கீழே இழுக்க, வாந்தியில் வயிற்று அமிலம் போனது அதை மேலே தூக்க, கயிறு நடுவிலேயே நின்றிருக்கிறது.

ஆனியன் கேப் ஆப்பில் இல்லாமல் இல்லை. மெனுவைத் திறந்து மூன்றாவது பக்கம் போகணும். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் 4க்குக் கீழே போனால் ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 கூட்டிக்கூடத் தருகிறது. இவ்வளவு செய்தவர்கள் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் முதல் பக்கத்தில் இரண்டு பெட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. தூக்கக் கலக்கத்தில் 7.05ஐ 7.50 என்று தட்டிவிட்டேன். பிசிஓ2 30, பைகார்ப் 8. 24ஐ 30ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் ஹைட்ரஜன் அயனி 90 நானோமோல். பிஎச் என்பதே இந்த அயனியின் கணக்குதான்; 7.50 என்றால் 32தான் இருக்கணும். இந்த எண்கள் ஒன்றோடொன்று சேரவே சேராது. ஆப் மூச்சு விடவில்லை. 'அல்கலோசிஸ்', அதாவது காரம் ஏறிவிட்டது என்று அதற்கும் அழகாக ஒரு விளக்கம் கொடுத்தது.