நியூயார்க்கா, ஜெனீவாவா? எஃகு மீதான ஆன்டி டம்பிங் வரிக் கணக்கை எங்கே எதிர்ப்பது

1999 டிசம்பரில் அமெரிக்க வர்த்தகத் துறை, இந்தியப் பொதுத்துறை எஃகு நிறுவனமான செயில் அனுப்பிய எஃகுத் தகடுகளுக்கு ஒரு விகிதம் போட்டது: 72.49 சதவீதம். நூறு டாலர் தகட்டுக்கு 72 டாலருக்கு மேல் ஆன்டி டம்பிங் வரி, அதாவது நியாய விலைக்குக் கீழே மலிவாக விற்றுத் தள்ளுவதற்கு எதிரான வரி. இப்படியொரு விகிதத்தோடு யாரும் சரக்கு அனுப்ப முடியாது. செயில் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. இந்திய அரசு ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பிடம் போனது. கோப்பு ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான். ஆனால் இரண்டு இடத்திலும் வந்த பதில் வேறு.

இரண்டு வழிகளில் எது மேல் என்று கேட்பவர்கள் முதலில் இந்த வழக்கைப் படிக்க வேண்டும் என்பேன்.

நடந்தது இது. ஏற்றுமதியாளர் உள்நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைவாக, அல்லது அடக்கவிலையைவிடக் குறைவாக, அமெரிக்காவில் விற்கிறாரா என்று பார்க்க வர்த்தகத் துறை நீண்ட கேள்விப் பட்டியல்களை அனுப்பும். உள்நாட்டு விற்பனை, உற்பத்திச் செலவு, அமெரிக்க விற்பனை எல்லாவற்றையும் பில் வாரியாகக் கணினிக் கோப்புகளில் தர வேண்டும். செயில் கொடுத்த செலவுக் கணக்கிலும் உள்நாட்டு விற்பனைக் கணக்கிலும் பெரிய ஓட்டைகள் இருந்தன. அமெரிக்க விற்பனை விவரங்கள் அந்த அளவுக்கு மோசமில்லை, சிறிய திருத்தங்களோடு பயன்படுத்தக்கூடியவை. ஆனால் வர்த்தகத் துறை, மற்றவை சரியில்லை என்றால் இதுவும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒதுக்கியது. அந்த இடத்தில், புகார் கொடுத்த அமெரிக்க எஃகு ஆலைகள் தங்கள் மனுவில் காட்டியிருந்த எண்களிலேயே மிக உயர்ந்ததை எடுத்து வைத்தது. 72.49 வந்த வழி அதுதான்.

நியூயார்க்கில், மன்ஹாட்டனில் உள்ள பன்னாட்டு வணிக நீதிமன்றம் இதை எப்படிப் பார்த்தது? அங்கே நீதிபதி கேட்கும் கேள்வி குறுகியது. வர்த்தகத் துறையின் முடிவுக்குக் கோப்பில் போதிய ஆதாரம் இருக்கிறதா, அது அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டதா, அவ்வளவுதான். எல்லாத் தரவையும் தள்ளிவைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்றது நீதிமன்றம். செயில் தன்னால் இயன்ற அளவு ஒத்துழைக்கவில்லை என்று வர்த்தகத் துறை சொன்னதற்கு மட்டும் விளக்கம் போதாது என்று 2001-இல் கோப்பைத் திருப்பி அனுப்பியது. வர்த்தகத் துறை விளக்கத்தை விரிவாக எழுதிக் கொண்டுவந்தது, நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. விகிதம் அசையவில்லை.

இந்த வழியின் பெரிய பலவீனம் இதுதான். நீதிமன்றம் தானே கணக்குப் போடாது. தப்பு என்று சொல்லும், திருப்பி அனுப்பும். திருப்பி வருவது புதிய எண்ணாகவும் இருக்கலாம், பழைய எண்ணுக்குப் புதிய காரணமாகவும் இருக்கலாம். சில எஃகு வழக்குகள் இப்படி மூன்று நான்கு தடவை போய்வருகின்றன.

ஜெனீவாவில் கேள்வியே வேறு. அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்பது அங்கே பொருட்டல்ல. ஆன்டி டம்பிங் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பு, சரிபார்க்கக்கூடிய, உரிய நேரத்தில் உரிய வடிவில் தரப்பட்ட தகவலைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. ஒரு பகுதி கெட்டிருந்தால் முழுவதையும் தூக்கிப்போடலாம் என்று அதில் இல்லை. 2002 ஜூனில் வந்த உலக வர்த்தக அமைப்பின் விசாரணைக் குழு அறிக்கை, செயிலின் அமெரிக்க விற்பனை விவரங்களைப் போதிய காரணமில்லாமல் ஒதுக்கியது ஒப்பந்த மீறல் என்றது. அமெரிக்கச் சட்டமே தவறு என்ற இந்தியாவின் இன்னொரு வாதம் எடுபடவில்லை. அமெரிக்கா மேல்முறையீடு செய்யவில்லை. மறுகணக்கில் விகிதம் குறைந்தது, ஆனால் வரி ஒழியவில்லை.

சரி, அப்படியானால் ஜெனீவாதானே ஜெயித்தது? வாதத்தில், ஆமாம். பணம் என்று வரும்போது கதை மாறுகிறது.

அமெரிக்க முறையில் இறக்குமதியின்போது கட்டுவது முன்பணம் மட்டுமே. உண்மையான வரி, பிறகு நடக்கும் ஆண்டு மறுஆய்வில்தான் முடிவாகும். அதன்பின் சுங்கத்துறை அந்தச் சரக்கின் கணக்கை முடித்துவிடும், முடித்த கணக்கைத் திறப்பது மிகக் கடினம். நியூயார்க்கில் வழக்குப் போடுகிறவர் தீர்ப்பு வரும்வரை கணக்கை முடிக்காதே என்று தடை வாங்கலாம். ஜெயித்தால் அதிகமாகக் கட்டியது வட்டியோடு திரும்பி வரும். ஜெனீவாத் தீர்ப்பை அமெரிக்கா நிறைவேற்றும் வழியோ, உருகுவே சுற்று ஒப்பந்தச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. அதன்படி மாற்றம் அறிவிக்கப்பட்ட நாளுக்குப் பிறகு வரும் சரக்குக்கு மட்டுமே பலன். பழைய பணம் போனது போனதுதான்.

இதை நன்றாக உணர்ந்தவர்கள் நெதர்லாந்தின் கோரஸ் ஸ்டால். அவர்களது ஹாட் ரோல்டு எஃகு மீது இரண்டரை சதவீதத்தை ஒட்டிய வரி. அந்தச் சின்ன எண்ணும் ‘ஜீரோயிங்’ முறையால் வந்தது. உதாரணமாக, ஒரு பொருளின் உள்நாட்டு விலை 100 என்று வையுங்கள். அமெரிக்காவில் ஒன்று 90-க்கும் ஒன்று 110-க்கும் விற்றால் சராசரியில் குறைவிற்பனையே இல்லை. ஜீரோயிங்கில் 110-க்கு விற்றதால் கிடைத்த உபரி பூஜ்யமாகிவிடும், 90-க்கு விற்றதன் 10 மட்டும் நிற்கும். 200-இல் 10, ஆக 5 சதவீதம். அதிக விலைக்கு விற்றதற்குப் பாராட்டும் இல்லை, கழிவும் இல்லை.

கோரஸ் அமெரிக்க நீதிமன்றங்களில் தோற்றது. 2005-இல் பெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் இதைத் தடுக்கவில்லை, உலக வர்த்தக அமைப்பின் முடிவுகள் எங்களைக் கட்டுப்படுத்தா என்று சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் ஜெனீவாவில் 2006-இல் ஜெயித்தது. அதன்பேரில் 2007 ஏப்ரலில் கோரஸ் மீதான வரி ஆணையே ரத்தானது (அதே மாதம்தான் கோரஸ் டாடா ஸ்டீல் கைக்கு வந்தது). முன்னால் வந்த சரக்குக்கான பணத்தைக் கேட்டு மறுபடி நீதிமன்றம் போனார்கள், கிடைக்கவில்லை.

ஆனாலும் ஜெனீவாவைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஜீரோயிங்கை முதலில் உடைத்தது இந்தியா, ஐரோப்பாவுக்கு எதிரான 2001 படுக்கை விரிப்பு வழக்கில். அப்புறம் ஜப்பான், மெக்சிகோ என்று அடிமேல் அடி. 2007-இல் முதல் விசாரணைகளிலும், 2012-இல் ஆண்டு மறுஆய்வுகளிலும் அமெரிக்கா அதைப் பொது வழக்கமாகச் செய்வதைக் கைவிட்டது. நியூயார்க்கில் ஒரு நிறுவனம் ஜெயித்தால் அந்தக் கோப்பு மாறும். ஜெனீவாவில் ஒரு நாடு ஜெயித்ததால் கணக்கிடும் முறையே எல்லோருக்கும் மாறியது.

இந்த இரண்டாவது வாக்கியத்தை இறந்தகாலத்தில் எழுதக் காரணம் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா ஒப்புக்கொள்ளாததால், 2019 டிசம்பரிலிருந்து அது வழக்குக் கேட்க ஆளில்லாமல் கிடக்கிறது. தோற்ற நாடு, இயங்காத அந்த மேல்முறையீட்டு அமைப்பிடம் முறையிட்டால் போதும், குழு அறிக்கை அப்படியே தொங்கும். கனடாவின் மென்மர வழக்கில் 2019-இல் ஒரு குழு, ஒருவகை விசாரணையில் ஜீரோயிங் செல்லும் என்றே சொன்னது. கனடா மேல்முறையீடு செய்தது. அது இன்னும் தொங்குகிறது.

இதே காலத்தில் நியூயார்க் வழி கூர்மையாகியிருக்கிறது. ஜீரோயிங் வாசல் வழியாகப் போய்க் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்திருந்தது. விலைகள் வாங்குபவருக்கு, வட்டாரத்துக்கு, காலத்துக்கு ஏற்பப் பெரிதாக வேறுபட்டால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று வர்த்தகத் துறை வைத்துக்கொண்டது. பெரிதா இல்லையா என்று அளக்க உளவியல் ஆய்வுகளில் புழங்கும் ‘கோஹன் டி’ என்ற புள்ளியியல் அளவையை எடுத்தது. 0.8-ஐத் தொட்டால் பெரிய வேறுபாடு. விற்பனையில் 66 சதவீதத்துக்குக் குறையாமல் இப்படித் தேறினால் மொத்தத்துக்கும் ஜீரோயிங்.

கொரிய எஃகுக் குழாய் வழக்கான ஸ்டப்பில், 2021-இல் பெடரல் சர்க்யூட் ஒரு புள்ளியியல் மாணவர் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டது: தரவு மணிவடிவப் பரவலில் இல்லாதபோது, எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும்போது இந்த அளவை செல்லுமா? 2025 ஏப்ரலில், கனடாவின் எஃகுக் காற்றாலைக் கோபுரங்கள் பற்றிய மார்மென் வழக்கில், அப்படிப்பட்ட தரவின் மீது இதைப் பயன்படுத்துவது நியாயமற்றது என்று முடிவாகவே சொல்லிவிட்டது. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லோப்பர் பிரைட் தீர்ப்பில், சட்டம் தெளிவில்லாதபோது துறையின் விளக்கத்துக்கு நீதிமன்றம் தலையாட்ட வேண்டியதில்லை என்றதும் இறக்குமதியாளர் பக்கத்துக்குப் பலம். கோரஸ் வழக்கு இன்று வந்திருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

இரண்டு வழியும் ஒரே ஓட்டையைக் கண்டுபிடித்ததும் உண்டு. கொரியாவில் எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய இல்லாததால் எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களுக்குப் போதிய உள்நாட்டுச் சந்தை கிடையாது. ஆகவே வர்த்தகத் துறை செலவோடு ஒரு லாபத்தைச் சேர்த்து விலையைக் கட்டமைத்தது. அதற்கு எடுத்த லாபவிகிதம், உலகளாவிய குழாய் நிறுவனமான டெனாரிஸுடையது. 2014-இல் 9.89, 15.75 சதவீதங்கள் வந்தன. அந்த லாபக் கணக்கை நியூயார்க் 2015-இலேயே திருப்பி அனுப்பியது, விகிதங்கள் இறங்கின. ஜெனீவாக் குழுவும் அதே லாபக் கணக்கைத் தவறு என்றது, ஆனால் 2017 நவம்பரில்.

கனடா, மெக்சிகோ நிறுவனங்களுக்கு மூன்றாவதாக இருநாட்டுக் குழு என்ற வழியும் இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குழு, அமெரிக்கச் சட்டத்தின்படியே பார்க்கும், முடிவு கட்டுப்படுத்தும். நமக்கு அது இல்லை.

யார் போகலாம் என்பதும் முக்கியம். ஜெனீவாவுக்கு அரசுகள் மட்டுமே போக முடியும். டெல்லியைச் சம்மதிக்க வைக்கப் பெரிய ஆலையால் முடியும், குழாய் இணைப்பு செய்கிற நடுத்தர நிறுவனத்தால் முடியாது. நியூயார்க்கில் விசாரணையில் பங்கெடுத்த யாரும் போகலாம். ஆனால் அந்தக் கதவு எதிராளிக்கும் திறந்தே இருக்கிறது. வரி போதாது என்று அமெரிக்க ஆலைகளும் அங்கே வழக்குப் போடும், குறைந்த விகிதம் வாங்கிய ஏற்றுமதியாளர் அதைக் காப்பாற்ற வக்கீல் வைக்க வேண்டிவரும்.

என் தேர்வு நியூயார்க்தான், ஏற்றுமதி செய்பவர் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற நினைத்தால். முறையே தவறு என்று நினைப்பவர் அரசிடமும் மனு கொடுத்து வைக்கட்டும், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. ஆனால் வரிசை தவறக்கூடாது. ஆணை அரசிதழில் வெளியான 30 நாளுக்குள் நியூயார்க்கில் அழைப்பாணை தாக்கலாக வேண்டும், புகார் மனு அதற்கடுத்த 30 நாளுக்குள். அதற்கும் முன்பே, வர்த்தகத் துறைக்குக் கொடுக்கும் வாதக் குறிப்பில் ஒவ்வொரு ஆட்சேபத்தையும் எழுதியிருக்க வேண்டும். அங்கே சொல்லாததை நீதிமன்றம் பொதுவாகக் காது கொடுத்துக் கேட்காது.