அம்லோடிபினா, டெல்மிசார்ட்டனா?

வண்ணாரப்பேட்டையில் எந்த மருந்துக்கடையில் நின்றாலும் பி.பி.க்கு அடிக்கடி காதில் விழுவது இந்த இரண்டு பெயர்தான். "எது நல்ல மாத்திரை?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

பி.பி.யை இறக்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இறக்குகிற விதம்தான் வேறு. அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கும். தசை தளரும், குழாய் விரியும், அவ்வளவுதான். டெல்மிசார்ட்டன், ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும். அந்த ஹார்மோன் குழாயைச் சுருக்குவதோடு விடுவதில்லை. குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் வீணாக்கும் (குழாயைத் தளர்த்தும் இந்த வாயுவைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 1998-ல் மருத்துவ நோபல்), இதயத்தின் இடது கீழறைச் சுவரையும் தடிக்க வைக்கும். அதனால் எக்கோவில் (இதய ஸ்கேனில்) சுவர் தடித்திருந்தாலோ, சர்க்கரை இருந்து சிறுநீரில் புரதம் போனாலோ என் ஓட்டு டெல்மிசார்ட்டனுக்கு.

அதற்காக அம்லோடிபினை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். 2002-ல் வெளியான ஆல்ஹாட் ஆய்வில் 33,000 பேருக்கு மேல் இருந்தார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் அம்லோடிபின் நீர் மாத்திரைக்கு (சிறுநீரை அதிகம் போக வைத்து பி.பி.யை இறக்கும் மாத்திரை) சளைக்கவில்லை. இதயச் செயலிழப்பு (இதயம் ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாமல் போவது) மட்டும் அம்லோடிபின் எடுத்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது. இன்னொரு வசதி, ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடலுக்குப் போய் வேளை தவறும் காசிமேட்டுக்காரர் ஒரு நாள் மறந்தாலும் பி.பி. சட்டென்று எகிறாது.

தொல்லை காலில். விடியற்காலையிலிருந்து மீன் ஏலத்தில் நின்றே வேலை பார்க்கும் அக்காவுக்குச் சாயந்திரம் கொலுசு இறுகும், கணுக்காலை அழுத்தினால் குழி விழும். சிறு தமனிகள் விரியும் அளவுக்குச் சிரைகள் விரிவதில்லை. அழுத்தம் தாங்காமல் நீர் வெளியே கசிகிறது. இதற்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது. இதயம், சிறுநீரகம் இரண்டிலும் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டு, டாக்டர் அம்லோடிபின் அளவைக் குறைத்து டெல்மிசார்ட்டனைச் சேர்த்தால் வீக்கம் பெரும்பாலும் குறையும். இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையும் கிடைக்கிறது.

சரி, டெல்மிசார்ட்டனில் குறையே இல்லையா? கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஆரம்பித்த சில வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அப்புறம், உப்பைக் குறைக்கிறேன் என்று பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பு வாங்குகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. இந்த மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும், அந்த உப்பும் ஏற்றும்; இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் மிஞ்சினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்தால் அந்த வம்பே இல்லை.