யூ.எஃப்.ஓ. 50: இல்லாத கம்பெனியின் ஐம்பது ஆட்டங்கள்

2024 செப்டம்பரில் கணினிக்கு வெளிவந்த 'யூ.எஃப்.ஓ. 50' என்ற வீடியோ கேம் தொகுப்பை வாங்குபவருக்கு ஐம்பது தனித்தனி ஆட்டங்களும், அவற்றை 1982 முதல் 1989 வரை தயாரித்ததாகச் சொல்லப்படும் 'யூ.எஃப்.ஓ. சாஃப்ட்' என்ற கம்பெனியின் வரலாறும் சேர்ந்தே கிடைக்கின்றன. அப்படி ஒரு கம்பெனி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்த ஆட்டங்கள் ஓடியதாகச் சொல்லப்படும் 'எல்.எக்ஸ்.' இயந்திரமும் எந்தக் கடையிலும் விற்றதில்லை. டெரெக் யூ, ஜான் பெரி, எய்ரிக் சுர்க்கே உள்ளிட்ட ஆறு பேர் பல ஆண்டுகள் உழைத்துச் செய்ததைக் கற்பனை மனிதர்களின் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

கீழக்கரையில் 1990-களில் வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு தனிச் சுவையாக இருந்தது. சபுரிலிருந்து, அதாவது வெளிநாட்டுப் பிழைப்பிலிருந்து, திரும்புகிறவர்களின் பெட்டிகளில் வந்திறங்கிய டி.வி. கேம்களோடு, லட்சக்கணக்கான ஆட்டங்கள் உள்ளே இருப்பதாக மேலே அச்சிட்ட கேசட்டுகளும் வரும். உண்மையில் சில ஆட்டங்களே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப அந்தப் பட்டியலை நிரப்பியிருக்கும். கள்ளப் பிரதி எடுத்தவர்கள் பலவற்றின் முகப்பிலிருந்து தயாரிப்பாளர் பெயரையும் ஆண்டையும் அழித்துவிட்டிருந்தார்கள். ஆக, உண்மையான மனிதர்கள் செய்த ஆட்டங்களை அவர்களுடைய பெயரே தெரியாமல் ஆடித் தீர்த்த தலைமுறை நாங்கள். இந்தத் தொகுப்போ, இல்லாத மனிதர்களுக்குப் பெயரும் பணிவரலாறும் கொடுத்து, அவர்களை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்கிறது.

பெயரை மறைத்தவர்கள் கள்ளப் பிரதிக்காரர்கள் மட்டுமல்லர். அட்டாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனம் தன் நிரலாளர்களின் பெயரை வெளியிடாத காலத்தில், வாரன் ராபினெட் 1980-இல் வெளிவந்த 'அட்வெஞ்சர்' ஆட்டத்தின் மறைவான அறை ஒன்றில் தம் பெயரை ஒளித்துவைத்தார்; அட்டாரியிலிருந்து வெளியேறிய நிரலாளர்கள் 1979-இல் ஆக்டிவிஷன் என்ற சொந்த கேம் நிறுவனத்தைத் தொடங்கியதற்கும் இந்த மனக்குறை ஒரு காரணம். ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர்கள் புனைபெயர்களில்தான் தோன்றினார்கள். இந்தப் பின்னணி தெரிந்தவருக்கு, தொகுப்பின் முதல் ஆட்டமான 'பார்புட்டா'வைச் செய்தவராகக் காட்டப்படும் தார்சன் பெட்டர் வெறும் வேடிக்கைப் பெயராகத் தோன்றமாட்டார். ஏறக்குறைய ஓசையே இல்லாத, விளக்கமும் தராத ஆட்டம் அது. தொடங்கிய சில அடிகளிலேயே தலையில் கல் விழுந்து ஓர் உயிர் போகிறது. யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லாத பிடிவாதக்கார மனிதர் ஒருவர் அந்தக் கல்லுக்குப் பின்னால் நிற்பதாக நம்ப முடிகிறது. அங்கிருந்து 'மார்ட்டால்', அதன் இரண்டாம் பாகம், மூன்று பாகங்களாக வளரும் 'காம்பனெல்லா' என்று வரிசையாக ஆடினால், ஒரு கூட்டம் தொழில் கற்றுக்கொள்வதையே பார்க்கிறோம். ஐம்பது ஆட்டங்களுக்கும் 32 நிறங்கள் கொண்ட ஒரே வண்ணத் தட்டைப் பயன்படுத்தியதும் இந்த நம்பிக்கைக்குப் பெரிய துணை.

கற்பனை ஆட்டங்களைக் கலையாகச் செய்வது புதிதன்று. சூசன் டிரைஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1991–92-இல், எங்குமே இல்லாத வீடியோ கேம்களின் காட்சிகளை அமிகா கணினியில் வரைந்து, திரையை நேரடியாகப் புகைப்படம் எடுத்துக் காட்சிக்கு வைத்தார். அங்கே ஆட்டத்தைப் பார்ப்பவரே மனத்தில் ஆடி முடிக்க வேண்டும். யூ.எஃப்.ஓ. 50 அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை; ஐம்பதையும் ஆடக்கூடியதாகச் செய்து காட்டியிருக்கிறது. பொய்யை இவ்வளவு உழைத்து மெய்யாக்கியவர்கள் அரிது.

ஆனாலும் பொய் சில இடங்களில் பல்லிளிக்கிறது. 'பார்ட்டி ஹவுஸ்' என்ற ஆட்டத்தில் விருந்துக்கு வருபவர்களைச் சீட்டுக்கட்டுபோலச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இந்த முறை 2008-இல் வந்த 'டொமினியன்' சீட்டாட்டத்துக்குப் பிறகுதான் பரவியது. 'பைலட் குவெஸ்ட்' நாம் வேறு ஆட்டம் ஆடும்போதும் பின்னணியில் நமக்கான பொருள்களைத் தானே சேர்த்துக்கொண்டிருக்கிறது. 1980-களின் கம்பெனி ஒன்று இதை யோசித்திருக்கும் என்பதை நான் நம்பவில்லை. இரண்டும் தொகுப்பின் மிகச் சிறந்த ஆட்டங்களில் அடங்கும் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவும் மனம் வரவில்லை. கம்பெனிக் கதை மிகச் சிக்கனமாகச் சொல்லப்பட்டிருப்பதே எனக்கு உண்மையான குறை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓரிரு வரிக் குறிப்பு, இறுதியில் பெயர்ப் பட்டியல், ஆட்டங்களுக்குள் ஒளித்துவைத்த சில ரகசியங்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. பெட்டரைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் கிடைத்திருந்தால் ஆவலோடு படித்திருப்பேன்.

என்னோடு ஆடிய அண்ணன் மகன், "சாச்சா, இந்தக் கம்பெனி இப்போ மூடிட்டாங்களா?" என்று கேட்டான். இருந்ததே இல்லை என்றதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பெயர்ப் பட்டியலைத் தவிர்க்காமல் பார்க்கிறான்.

எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது 'போர்கி'யை. சிறிய நீர்மூழ்கிக் கப்பலோடு கடலடியில் இறங்கித் தேட வேண்டும், எரிபொருள்தான் உயிரும். எதைக் கண்டெடுத்தாலும் தளத்துக்குத் திரும்பிச் சேர்த்தால்தான் அது நமக்குச் சொந்தம். மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர்கள் மூச்சை வைத்துப் போட்ட கணக்குதான் இது. இன்னும் ஓர் அடி கீழே போகலாமா என்ற ஆசையும், திரும்பும் வழியில் எல்லாவற்றையும் இழக்கும் வயிற்றெரிச்சலும் அப்படியே இருக்கின்றன.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். எழுத்துகளில் தமிழ் கிடையாது. 'கிரிம்ஸ்டோன்', 'நைட் மேனர்' போன்ற சிலவற்றுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரிய வேண்டும், பலவற்றுக்குத் தேவையில்லை. பதிவிறக்கிய பிறகு இணையம் இல்லாமலே ஆடலாம் என்பது எங்கள் பக்கத்துக்குப் பெரிய வசதி. இருவர் ஆடும் ஆட்டங்கள் பல இருந்தாலும் இருவரும் ஒரே திரைமுன் உட்கார வேண்டும் என்பதால் கன்ட்ரோலர் இரண்டாக வாங்கிக்கொள்வது நல்லது. வரிசைப்படி தொடங்கினால் 'பார்புட்டா'விலேயே பலர் வெறுத்துப்போவார்கள். ஆகவே 'போர்கி', 'பார்ட்டி ஹவுஸ்' இரண்டிலும் கை பழகியபின் அதற்குத் திரும்புங்கள், கல் விழுவதைப் பெட்டரின் குசும்பு என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலை அப்போது வந்திருக்கும்.