காற்றடைக்கும் டிங்கியா, பழைய ஆப்டிமிஸ்டா?

சிங்கப்பூர் சாங்கியில் மிதவையில் கட்டியிருக்கும் எங்கள் 24 அடிப் பாய்மரப் படகிலிருந்து கரைக்குப் போய்வர, ஐந்து வருடத்தில் இரண்டு டிங்கி, அதாவது சின்னத் துணைப்படகு, பார்த்துவிட்டோம். முதலில் வாங்கியது காற்றடைக்கும் பிவிசி டிங்கி. இப்போது இருப்பது, பிள்ளைகள் பயிற்சியில் ஓட்டி ஓய்ந்த ஆப்டிமிஸ்ட் என்ற பழைய குட்டிப் பாய்மரப் படகு. நாளைக்கே மறுபடி வாங்க வேண்டி வந்தாலும் ஆப்டிமிஸ்டையே தேடுவேன்.

காற்றடைக்கும் டிங்கியின் வசதிகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னுடையது 2.3 மீட்டர் நீளம், தூக்கினால் 22 கிலோ. மடித்துப் பையில் போட்டு, எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் பாம் ஷெல்ட்டரில் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை) அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். லாசரஸ் தீவு விரிகுடாவில் நங்கூரம் போட்டு நீந்திவிட்டுத் தண்ணீரிலிருந்தே ஏறலாம், சாயாது. பெரிய படகின் மேல் இடித்தாலும் பெயிண்ட் போகாது. கடையில் விற்பவர் சொல்வது அத்தனையும் உண்மை.

மூன்றாம் வருடம் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பிவிசி இயல்பிலேயே விறைப்பான பிளாஸ்டிக். அதை வளைய வைப்பது உள்ளே கலந்திருக்கும் இளக்கிப் பொருள். நம் ஊர் வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முதலில் காற்றடைத்த குழாயின் மேற்புறம் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், பிறகு விறைத்துப்போகும். காலையில் அளவாக அடித்த காற்று மத்தியானச் சூட்டில் விரிந்து ஒட்டுகளை இழுக்கும். அதற்காகக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டால், சாயங்கால மழைக்குப் பிறகு குழாய் துவண்டு கிடக்கும். துவண்ட டிங்கியில் துடுப்புப் போடுவது மெத்தையை இழுத்துக்கொண்டு போவது மாதிரி. பாதிப் பலம் படகை மடக்குவதிலேயே போய்விடும்.

உபின் தீவுப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்பலகை குழாயோடு சேரும் இடத்தில் ஒட்டு விட்டது. நல்லவேளையாகக் கரைக்கு அருகில் இருந்தோம். ஒட்டலாம் என்று இறங்கிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. இரண்டு கலவைப் பசை பிடிக்க வேண்டுமென்றால் காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும், 60 சதவீதத்துக்குக் கீழே என்று டப்பாவில் போட்டிருந்தது. சிங்கப்பூரில் சராசரியே 80-ஐத் தாண்டும். வெளியில் ஒட்ட வழியே இல்லை. படுக்கையறையில் ஏர்கான் போட்டு, மச்சானும் நானும் பழைய பசையைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, இரண்டு கோட் பூசி அழுத்திப் பிடித்தோம். வாடை போகும் வரை பிள்ளைகள் இரண்டு ராத்திரி ஹாலில் படுத்தார்கள். நாங்கள் ஒட்டிய இடம் கடைசிவரை விடவில்லை. எட்டு மாதத்தில் அதற்கு அடுத்த ஒட்டு விட்டது. எல்லா ஒட்டுக்கும் ஒரே வயது. ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். பசையில்லாமல் வெப்பத்தால் இணைத்த பிவிசி டிங்கிகளும் உண்டு. பிவிசிதான் வேண்டும் என்பவர் அதைப் பார்த்து வாங்கட்டும்.

படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிரான கொட்டலசு இன்னொரு தொல்லை. இங்கே தண்ணீர் வருடம் முழுக்கக் கதகதப்பு. இரண்டு வாரம் மிதக்கவிட்டால் அடிப்பக்கம் சொரசொரப்பாகிவிடும். பிவிசியில் இரும்புச் சுரண்டி வைக்க முடியாது, பயந்து பயந்து தேய்க்க வேண்டும். படகுத்துறைத் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பியோ பிளேடு மாதிரி. ஒரு உரசல் போதும்.

ஆப்டிமிஸ்டுக்கு வருகிறேன். 1947-இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காக பிளைவுட்டில் வடிவமைத்த படகு இது. 2.36 மீட்டர் நீளம், வெறும் உடல் 35 கிலோ. இங்கே ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் கடலைப் பார்த்தால் குட்டிக் குட்டிப் பாய்களாக வரிசையில் போகுமே, அதுதான். என் மகள் பாய்மரம் கற்றதும் இதில்தான். பாய்மரம், பாய் எதுவும் இல்லாத வெறும் உடலை 200 வெள்ளிக்கு வாங்கினேன். துடுப்புக் கொண்டிகள் மாட்டினேன். பாய் விரிக்கும்போது படகு பக்கவாட்டில் தள்ளப்படாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பலகைதான் நடுப்பலகை; அதன் துளை வழியாகத் தண்ணீர் ஏறி வரும் என்பதால் அதன்மேல் பிளைவுட் மூடி போட்டு இறுக்கினேன். உள்ளே கட்டியிருக்கும் காற்றுப் பைகளை அப்படியே விட்டுவைத்தேன். தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் காப்பது அவைதான்.

இரண்டு வருடத்தில் பராமரிப்பு என்று செய்தது இவ்வளவுதான்: ஒரு முனை உடைந்தபோது ஃபைபர் துணியும் எபாக்ஸியும் வைத்து, சாங்கியில் மர நிழலில், ஒரே சாயங்காலத்தில் ஒட்டினேன். மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஈரக் காற்றில் எபாக்ஸியின் மேற்பரப்பிலும் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். தண்ணீரில் கழுவி, தேய்த்துவிட்டு அடுத்த கோட் போட்டால் போதும், படுக்கையறை தேவையில்லை. கொட்டலசைத் தயங்காமல் சுரண்டலாம். கான்கிரீட் சரிவில் இழுத்தால் கீறல் விழும், காற்று போகாது. துடுப்பு போட்டால் நேராகப் போகிறது. நீரோட்டம் எதிர்க்கும்போது அந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. ஒருவர் தனியாகத் தூக்க 35 கிலோ அதிகம், பாய் ஏற்றும் கயிற்றைக் கொண்டுதான் மேல்தளத்துக்கு ஏற்றுகிறோம். பெரியவர்கள் இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்றாமவர் உட்கார்ந்தால் விளிம்பு தண்ணீருக்கு நெருங்கிவிடும், நாங்கள் இரண்டு நடையாகப் போகிறோம். ராத்திரி ஓதம் திரும்பிக் காற்றோடு முட்டும்போது டிங்கி வந்து படகை இடிக்கும். விளிம்பைச் சுற்றித் தடித்த கயிறு கட்டி, டிங்கியின் பின்னால் ஒரு வாளியைத் தண்ணீரில் தொங்கவிட்ட பிறகு அது பெரும்பாலும் நின்றது. விடியற்காலை சுமத்ரா புயல்காற்று மழையோடு வந்தால் பாதி வரை நிறைந்துவிடும், மேலே தார்ப்பாய் அவசியம். நீந்திவிட்டு இதில் ஏற முயல வேண்டாம், கவிழும். படகின் ஏணியில் ஏறிக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டு வழிகளைப் பற்றி என்னால் குறைவாகத்தான் சொல்ல முடியும். ஹைபலான் ரப்பர் டிங்கி வெயிலை நன்றாகத் தாங்கும். நண்பர் ஒருவருடையது பத்து வருடமாகியும் குழாய் வளைகிறது. டூபாண்ட் அந்தப் பெயரில் செய்வதை 2010-இல் நிறுத்திவிட்டது, இப்போது வருவது மற்றவர்கள் செய்யும் அதே வகை ரப்பர். விலை பிவிசியைவிடக் கணிசமாக அதிகம். நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. மடக்குப் படகில் இரண்டு முறைதான் துடுப்பு போட்டிருக்கிறேன். மேல்தளத்தில் பலகை மாதிரி ஓரமாகக் கட்டிவைக்கலாம் என்பது பெரிய வசதி, ஆனால் ஆடும் படகின் மேல் நின்றுகொண்டு விரித்துப் பூட்டுவது எனக்குச் சிரமமாக இருந்தது. ஆப்டிமிஸ்டில் இன்ஜின் மாட்டிப் பார்த்ததும் இல்லை. அந்தப் பின்பலகை சுக்கானுக்காகச் செய்தது, பலப்படுத்தாமல் மாட்ட எனக்குத் துணிவில்லை. தூரமாக நங்கூரமிட்டு, சின்னப் பிள்ளைகளோடு அடிக்கடி கரைக்குப் போகிறவர்கள் இன்ஜினும் ஹைபலானும் வாங்குவதே நல்லது.

பழைய ஆப்டிமிஸ்ட் பார்க்கப் போனால் முதலில் நடுப்பலகைத் துளையைச் சூழ்ந்த கூட்டின் அடிமூலையைப் பாருங்கள். மணலில் மோதி மோதி அங்கேதான் விரிசல் விடும். கூட்டின் அடியைத் துணியால் அடைத்து, உள்ளே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் காத்திருங்கள். வெளியே எங்காவது கசிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அது ஒரு சாயங்கால வேலைதான்.