ஒரு ரூபாய் ட்ரையல்: பின் நம்பர் போடும் திரையை ஒருமுறை படியுங்கள்

"வெறும் 1 ரூபாய்க்கு 7 நாள்" என்ற விளம்பரத்தைத் தட்டி, யூபிஐ பின் போட்டு, எட்டாம் நாள் 499 ரூபாய் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். ஆப்பை அன்றைக்கே டெலீட் செய்துவிட்டோமே, பிறகு எப்படி என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

நீங்கள் கொடுத்தது வெறும் ஒரு ரூபாய் இல்லை, உங்கள் கணக்கிலிருந்து அவர்கள் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் ஆட்டோபே அனுமதியும் சேர்த்துத்தான். இரண்டுக்கும் திரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், கேட்பதும் அதே பின். ஆனால் ஆட்டோபே திரையில் மூன்று விவரங்கள் கூடுதலாக இருக்கும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பார்கள், ஒரு தடவைக்கு அதிகபட்சம் எவ்வளவு, எந்தத் தேதி வரை. 1 ரூபாய் ட்ரையலில் அதிகபட்சம் 999 என்றும், முடிவுத் தேதி பல வருடம் தள்ளியும் இருந்தால் அங்கேயே பின்வாங்கிவிடுங்கள்.

அதற்கு முந்தைய பக்கத்திலேயே வலை விரித்திருப்பார்கள். வருடத் திட்டம் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். "மாதம் 83 ரூபாய்" கொட்டை எழுத்தில். மொத்தமாக 999 எடுப்போம் என்பது வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். மூடும் × குறி சில விநாடி கழித்துத்தான் மூலையில் எட்டிப் பார்க்கும். சலுகை முடிய பத்து நிமிடம் என்று கடிகாரம் ஓடினால் பக்கத்தை மூடித் திறந்து பாருங்கள். மறுபடி பத்திலிருந்து தொடங்கினால் சலுகையும் பொய்தான்.

ஆப்பை நீக்கினாலும் அனுமதி போகாது. அது உங்கள் வங்கியிலும் யூபிஐயிலும் பதிவாகியிருக்கிறது. எந்த யூபிஐ ஆப்பில் கொடுத்தீர்களோ அதைத் திறந்து, புரொஃபைல் படத்தைத் தட்டி, ஆட்டோபே பகுதிக்குள் போய், அந்த நிறுவனத்தின் பெயரை எடுத்து ரத்து செய்யுங்கள். மறுபடி பின் கேட்கும், போடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் "பாஸ்" (Pause) பட்டனில் ஏமாறாதீர்கள், அது தற்காலிக நிறுத்தம் மட்டுமே. பிளே ஸ்டோர் வழியாகப் பணம் கட்டியிருந்தால் அங்கே சப்ஸ்கிரிப்ஷன் பட்டியலிலும் ரத்து செய்ய வேண்டும். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பு தகவல் வரும். விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அதைத் தவறவிடுவது சுலபம். ட்ரையல் வாங்கிய அன்றே ரத்து செய்துவிடுவது மேல். சில ஆப்கள் ஏழு நாளும் ஓடும், சில உடனே நின்றுவிடும். நின்றால் நஷ்டம் ஒரு ரூபாய்.

2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதும், இலவசச் சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துவதும் அதில் அடக்கம். இலவசம் என்று விடாமல் ஒரு ரூபாய் வாங்குவது அந்தச் சொல்லிலிருந்து நழுவத்தானோ என்று சந்தேகம் வருகிறது.

பணம் போய்விட்டால் முதலில் நிறுவனத்துக்கு மெயில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் எடுத்த தேதி, யூடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்), விளம்பரத்தின் படம், சந்தாப் பக்கத்தின் படம் நான்கும் கையில் இருக்கட்டும். வங்கியை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பின் போட்டது நீங்கள்தானே என்று கேட்பார்கள்.